துப்பாக்கி வெடிக்காத உளவுப் படம்

தியேட்டர் கவுண்டரில் இருப்பவர்களுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்காது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்போம். குலசேகரத்தில் இரண்டு ஸ்கிரீன் உள்ள ஒரு தியேட்டரில் நான் பதினேழு வருஷமாக இருக்கிறேன். பெயர் ஷோபா. டிக்கெட் கிழிப்பதில் தொடங்கி இப்போது மேனேஜர். மேனேஜர் என்றால் ஏசி குளிராவிட்டாலும், சத்தம் கூடினாலும், கதாநாயகி சரியாக அழாவிட்டாலும் திட்டு வாங்குவதற்கென்று நியமிக்கப்பட்ட ஆள். பஸ் கண்டக்டர், ரேஷன் கடை ஊழியர், பேங்கில் இரண்டாம் நம்பர் கவுண்டரில் இருப்பவர் என்று நீங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நான் சொல்வது உடனே விளங்கும். யாரோ செய்த பண்டத்துக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

போன மழைக்காலத்தில் எங்கள் சின்ன ஸ்கிரீனில் ஒரு வாரமும், அதற்கு மேல் ஒரே ஒரு காட்சியும் ஓடிய ஒரு வெளிநாட்டு உளவுப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் டப்பிங் செய்தது. படத்தின் பெயரை எழுதவில்லை. தமிழில் வைத்த பெயரில் ரத்தம் இருந்தது, படத்தில் ஒரு சொட்டு இல்லை.

*போஸ்டரில் நின்ற ஆள்*

விநியோகஸ்தர் அனுப்பிய போஸ்டரில் ஒரு ஆள் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குத் திருவட்டாறு பக்கத்திலிருந்து பையன்கள் பைக்கில் கூட்டமாக வந்தார்கள். உள்ளே போகும்போதே விசில். நானும் நல்ல வசூல் என்று நினைத்து பாப்கார்ன் மெஷினைச் சீக்கிரமே போடச் சொன்னேன்.

இரண்டு மணி நாற்பது நிமிடப் படம். இடைவேளைவரை ஒரு அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று ஆண்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. இடைவேளையில் கதவு திறந்தபோது பையன்கள் சத்தமே இல்லாமல் வெளியே வந்தார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அவர்களில் ஒருவன், நீல சட்டை போட்டவன், போஸ்டரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கவுண்டருக்கு வந்து மரியாதையாகக் கேட்டான்: "மேடம், இந்தப் போஸ்டர்ல நிக்குத ஆளு எந்தத் தியேட்டர்ல நடிக்கான்?"

*டப்பிங் இல்லாத ஒருவன்*

கதை எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது, அதுவும் ஒரு சண்டை வழியாக. துபாயிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பாதிப் படத்தில் எழுந்து வந்து, சவுண்டில் கோளாறு என்றார். அவர் சொன்ன கதை இதுதான்: ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுகத்தில் ஒரு கப்பலைப் பிடிக்கிறார்கள். அதில் சமையல் செய்கிறவன் உளவாளியா என்று ஒரு அதிகாரி விசாரிக்கிறான். சமையல்காரனுக்கு அதிகாரியின் பாஷை தெரியாது. அதனால் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளன். அதிகாரி தமிழில் கேட்கிறான், மொழிபெயர்ப்பாளன் தமிழில் பதில் சொல்கிறான். சமையல்காரன் மட்டும் ஏதோ புரியாத பாஷையில் பேசுகிறான். கீழே எழுத்தும் வரவில்லை.

ஆபரேட்டர் சசி அண்ணனுக்கு உள்ளே போன் போட்டேன். முப்பது வருஷமாகப் படம் ஓட்டுகிறவர். பிரிண்டே அப்படித்தான் என்றார். விநியோகஸ்தர் ஆபீசில் கேட்டால், "அத வேணும்னேதான் அப்பிடி விட்டிருக்காங்க மேடம்" என்றார்கள். இதை நான் அந்தத் துபாய்க்காரரிடம் சொன்னேன். வேண்டுமென்றே விட்டார்கள் என்ற விளக்கம் கவுண்டருக்கு வெளியே நிற்கிற யாருக்கும் ஆறுதல் தந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே அழைத்துக்கொண்டு போகும்போது சொன்னார்: "மூணு பேரு பேசுத படத்துல ஒருத்தன் சொல்லுதது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாம விட்டா, நாங்க என்னத்த மனசிலாக்குததுக்கு?"

*வெட்டு இல்லாத நாள்*

திங்கட்கிழமை விடாமல் மழை. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அன்றைக்குப் பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் சிலர் படத்துக்கு வருவார்கள். வசந்தா அக்கா எனக்குப் பல வருஷப் பழக்கம். பெரிய ஸ்கிரீனில் டிக்கெட் இல்லாததால் சின்ன ஸ்கிரீனுக்குப் போனார்.

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, எல்லாம் செல்போனால் வந்த கேடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பின்வாசலில் நின்று பார்த்தால் இருட்டில் அங்கங்கே வெளிச்சம் எரியும், அணையும். ஆனால் அன்றைக்கு நான் எட்டிப் பார்த்தபோது வசந்தா அக்காவின் கையில் போன் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். படம் முடிந்து வெளியே வந்தவரிடம், "என்னக்கா, படம் அவ்வளவு மோசமா?" என்று கேட்டேன். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "படத்தக் குத்தம் சொல்லப்பிடாது பிள்ளே. தெனமும் விடியுததுக்கு முந்தி எழும்புத ஒடம்புக்கு இருட்டையும் குளிரையும் குடுத்துட்டு, கண்ணு மூடாத, கவனமாட்டுக் கேளுன்னு சொன்னா நடக்குமா?"

*கெமிஸ்ட்ரி சார்*

அதே காட்சிக்கு மேல்நிலைப் பள்ளி கெமிஸ்ட்ரி சார் ஒருவரும் வந்திருந்தார். அந்த வாரத்தில் என்னைப் பாராட்டிய முதல் ஆள். "இந்த மாதிரிப் படம்தான் போடணும் மேடம். நம்ம சனங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டிவிடணும். யோசிக்க மாட்டாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசியில் யார்தான் சார் உளவாளி என்று கேட்டேன். வருகிறவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்குமே என்றுதான் கேட்டேன், சோதிக்க இல்லை. சார் குடையை விரித்தார், மடக்கினார், மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அத நான் இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன்."

*ஓரச் சீட்டு கேட்டவர்*

அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தவர் ஒருவரே ஒருவர். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து டெம்போவில் மீன் கொண்டுவந்து எங்கள் ஊர்ச் சந்தையில் இறக்குகிறவர். பெயர் கிளீட்டஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு மணிக்கு மீன் விற்றுத் தீர்ந்துவிடும். சந்தைக் குழாயில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, எப்போதாவது மதியக் காட்சிக்கு வருவார். எவ்வளவு குளித்தாலும் மீன் வாடை போகாது என்பது அவருக்கே தெரியும். அதனால் யார் பக்கத்திலும் இல்லாத ஓரச் சீட்டாகப் பார்த்துக் கேட்பார். இரண்டு மணி நேரம் ஏசியில் தூங்கிவிட்டுப் போவார். வரத் தொடங்கிய இந்தப் பத்து மாதத்தில் அவர் என்னிடம் பேசியது "ஓரச் சீட்டு" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான்.

சனிக்கிழமை அவர் வந்தார். திங்கட்கிழமை மழையில் மறுபடியும் வந்தார். அதே படம். படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் சீட்டைவிட்டு எழவில்லை என்று கூட்டுகிற அம்மா வந்து சொன்னார். நான் உள்ளே போனபோது வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கிய முகமாக இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து, "மன்னிக்கணும்" என்றார். வாசல்வரை வந்து திரும்பி நின்று கேட்டார்: "மேடம், இந்தப் படம் நாளைக்கும் உண்டா? எனக்கு எங்க வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரணும்."

*இருபது நிமிடம்*

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி போன் செய்தார். நல்ல மனுஷர். ஆனால் ஆள் எழுந்துபோகிற படம் என்றால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். "அந்த ரூமுக்குள்ள இருந்து பேசிட்டே இருக்குதாம்லா, அதுல ஒரு இருபது நிமிஷத்த எடுத்துவிடு. படம் கொஞ்சம் ஓடுத மாதிரி இருக்கும்" என்றார். இப்போதெல்லாம் பிலிம் கிடையாது, கத்தரிக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாண்டிவிடலாம். சசி அண்ணன் தயங்கினார். "எந்த எடத்த விடணும் மேடம்? அடுத்தவன் எடுத்த படமாக்கும்" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை அதுவரை நான் முழுசாகப் பார்க்கவில்லை. அங்கங்கே எட்டிப் பார்த்ததுதான். எந்த இடத்தில் ஹாலில் அதிகம் போன் வெளிச்சம் எரிகிறதோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்றேன். இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் தொடங்கும் ஒரு நீண்ட விசாரணை அது. மதியக் காட்சியில் அதைத் தாண்டிப் போட்டோம். இருபத்திரண்டு பேர் பார்த்தார்கள். முடிந்து வெளியே வந்தவர்களில் யாரும் புருவம்கூட உயர்த்தவில்லை. சசி அண்ணன் மாடியிலிருந்து இறங்கிவந்து, சந்தோஷமா துக்கமா என்று தெரியாத குரலில் சொன்னார்: "பாத்தியளா, தாண்டினது ஒருத்தருக்கும் தெரியல்ல."

*ஒருவருக்குத் தெரிந்தது*

ஹால் காலியான பிறகு கிளீட்டஸ் மனைவியோடு கவுண்டர் முன்னால் வந்து நின்றார். கட்டம் போட்ட புதுச் சட்டை. மனைவி கையில் குடையோடு ஒரு அடி பின்னால். அவர் சத்தம் போடவில்லை. "மேடம், இடைவேளை கழிஞ்சு ஒரு எடம் வரும்லா. சமையல்காரன் ரெண்டு வார்த்தை சொல்லுவான். கண்ணாடிக்காரன் அத அதிகாரிக்கிட்ட சொல்லும்போ நீட்டி நீட்டிச் சொல்லிட்டே போவான். அந்த எடம் இன்னைக்கு வரல்லியே" என்றார்.

தவறுக்கு ஏதாவது மிஷின் காரணம் சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்கதான் தாண்டிவிட்டோம் அண்ணே. போர் அடிக்குதுன்னு சொன்னாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார், அது சரிதான் என்பதுபோல. பிறகு கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற குரலில் பேசத் தொடங்கினார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் விசைப்படகு டிரைவர். கூட நாலு பேர். இஞ்சின் கெட்டு, நீரோட்டத்தில் இழுபட்டு, வேறு ஒரு நாட்டின் எல்லைக்குள் போய்விட்டார்கள். அங்கே பிடித்தார்கள். அவருடைய ஜி.பி.எஸ். கருவியில் மீன் கிடைக்கும் இடங்களையெல்லாம் குறித்து வைத்திருந்தார். அந்தப் புள்ளிகள் எல்லாம் என்ன, யாருக்காகக் குறித்தாய் என்று ஒன்பது நாள் கேட்டார்கள். "ஒருத்தனும் அடிக்கல்ல மேடம். சாயா தந்தான். ஒரே கேள்விய திருப்பித் திருப்பிக் கேட்டான். நான் 'மீனு, மீனு மட்டும்தான்'னு சொல்லுவேன். நடுவுல நின்னவன் அத எடுத்து ரொம்ப நேரம் பேசுவான். நல்லதுக்கு விளக்கிச் சொன்னானா, மாத்திச் சொன்னானா, இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில கையெழுத்துக் கேட்டு ஒரு பேப்பர நீட்டினான். ஒப்பு போட்டேன்." பதினோரு மாத ஜெயில். டிரைவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான் என்று கோர்ட்டில் வாசித்தார்களாம். கூட இருந்த நாலு பேரும் அதைத்தான் நம்பினார்கள். ஊருக்கு வந்த பிறகு யாரும் அவரோடு பேசவில்லை, எந்தப் படகிலும் ஏற்றவில்லை. மீன் டெம்போ ஓட்ட வந்துவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மனைவியைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இவ ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்ல. எனக்கும் எப்பிடிச் சொல்லணும்னு தெரியல்ல. அந்த இருபது நிமிஷத்தக் காட்டுததுக்குத்தான் மேடம் கூட்டிட்டு வந்தேன்."

*பிலோமி*

புதன்கிழமை படத்தை முழுசாகப் போட்டோம். முதலாளியிடம் சொல்லவில்லை. அவர்கள் இருவரையும் டிக்கெட் வாங்கவிடாமல் உள்ளே அனுப்பினேன். கவுண்டரில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு நானும் போய் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், இரண்டு தடவை என் கை தானாகப் போனைத் தேடிப் போனது.

பிறகு அந்த இடம் வந்தது. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. சமையல்காரன் அந்தப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னான். இரண்டே வார்த்தை. கண்ணாடிக்காரன் கொஞ்சம் தலையைச் சாய்த்து, தொண்டையைச் செருமி, தமிழில் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசினான். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தான். சமையல்காரன் ஒருவர் வாயை மாற்றி ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்லப்படுகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. என்ன சொல்லப்படுகிறது என்று தெரியவில்லை. படத்தில் யாரும் இதைச் சுட்டிக்காட்டவில்லை. குனிந்து போனைப் பார்த்திருந்தால் போயே போயிருக்கும். உளவாளி சமையல்காரன் இல்லை, அந்தக் கண்ணாடிக்காரன்தான் என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது.

எனக்கு முன்னால் கிளீட்டஸ் திரையைப் பார்க்கவில்லை. மனைவி பிலோமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமி குடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். படம் முடிந்ததும் கிளீட்டஸ் டெம்போவை எடுக்கப் போனார். பிலோமி என்னிடம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. அவர் சொன்னார்: "தூக்கத்துல இவுங்க 'மீனு, மீனு'ன்னு சொல்லுவாங்க. நான் கடல நெனச்சுச் சொல்லுதாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

*கீ*

வியாழக்கிழமை பிலோமி தனியாகப் பஸ்ஸில் வந்தார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். கூடப் படகில் இருந்த நாலு பேரும் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கிளீட்டஸ் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய வீட்டுப் பெண்களிடம் தான் பேசிவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வருவார்கள்.

வெள்ளிக்கிழமை புதுப் படம் வருகிறது. அதோடு, இந்தக் காலத்துப் படப்பெட்டிக்கு ஒரு கீ உண்டு. கம்பெனி அனுப்பும் ரகசிய எண், அவ்வளவுதான். அதன் தேதி முடிந்துவிட்டால் படம் உள்ளே இருந்தும் திறக்காது. எங்கள் கீ வியாழனோடு முடிகிறது. முதலாளியிடம் நேரில் போனேன். செவ்வாய்க்கிழமை தாண்டிப் போட்டதையும், புதன்கிழமை தாண்டாமல் போட்டதையும், காரணத்தையும் சொன்னேன். "நாலு பேருக்காக ஒரு ஷோவா?" என்றார். ஆமாம் என்றேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு போனதால் அதற்குமேல் கெஞ்சத் தோன்றவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு விநியோகஸ்தர் ஆபீசுக்கு அவரே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காட்சிக்குக் கீ வாங்கித் தந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பதினோரு மணிக்குப் போடு. முழுசாட்டுப் போடணும், கேட்டியா? ஒரு நிமிஷம் கொறையப்பிடாது."

*ஞாயிற்றுக்கிழமை*

நாலு பேரும் வந்தார்கள். கிளீட்டஸின் டெம்போவில் ஏறவில்லை, இரண்டு பைக்கில் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ததேயூஸ். வெள்ளை வேட்டி, பூசைக்குப் போட்ட சட்டை. கிளீட்டஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயும் நாலு பேரும் ஒரு பக்கம், கிளீட்டஸும் பிலோமியும் மறுபக்கம். நடுவில் பத்து சீட்டு காலி. வேறு யாரும் அந்தக் காட்சிக்கு வரவில்லை.

இடைவேளையில் சாயா கொடுத்தேன். சைமன் என்ற ஒருவர் பாதிச் சாயாவில் டம்ளரை வைத்துவிட்டு, "சினிமாவ வச்சு நாங்க என்னத்த நம்பணும்? இது எவனோ எழுதின கதை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு மாதம் அவரும்தான் ஜெயிலில் இருந்தார். மற்ற மூன்று பேரும் மறுபடி உள்ளே போனார்கள். நான் கதவருகே நின்றேன். அந்த இரண்டு வார்த்தை இடம் வந்தபோது ஹாலில் ஒரு போன் வெளிச்சமும் இல்லை. இருமல்கூட இல்லை. கண்ணாடிக்காரன் பேசப் பேச, ததேயூஸ் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் சாய்ந்தார். அவர் திரையைத்தான் பார்த்தார் என்றாலும், கொஞ்ச நேரத்தில் தலை தானாகக் கிளீட்டஸ் இருந்த பக்கம் திரும்பியது.

படம் முடிந்து வெளியே வந்து ததேயூஸ் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். கிளீட்டஸ் டெம்போவின் பக்கத்தில் நின்றார், போகவும் முடியாமல் நெருங்கவும் முடியாமல். ததேயூஸ் ஈர முகத்தோடு அவர்முன் போய் நின்றார்.

"எலே கிளீட்டஸ். அங்க வச்சு நீ என்ன சொன்ன?"

"மீனுன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல்ல. மீனு, மீனு மட்டும்தான்னு சொன்னேன்."

மற்ற இரண்டு பேரும் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே இருந்தார்கள். பிலோமி வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். பிறகு ததேயூஸ் கையை நீட்டிக் கிளீட்டஸின் சட்டைக் காலரைப் பிடித்தார். அடிக்கப் போகிறாரோ என்று நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். அவர் காலரை நேராக்கிவிட்டு, உடைந்த குரலில் சொன்னார்: "நாலு வருஷம் ஆச்சே மக்கா. இந்த ஒரு கேள்விய நாங்க ஒருத்தரும் ஒன்கிட்ட கேக்கல்லியே."

அன்று மதியம் அதே ஸ்கிரீனில் புதுப் படம் ஓடியது. வந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாம் முதல் தடவையிலேயே விளங்கிவிட்டதால், போகும்போது ஒருவர்கூடக் கவுண்டரில் நின்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.